இருபத்து நான்கு ஓநாய்கள்

2024 ஜனவரி 9

ராஜகனியை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தேன். இடுப்பில் வைத்த தகடு நன்றாக உட்கார்ந்துவிட்டதாம். சமதரையில் வாக்கரோடு எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், படி மட்டும் கூடாது என்றார்.

எங்களுக்குப் படிதான் வழியே. வீடு பள்ளத்தில், எங்கள் இரும்புச் சாமான் கடை மேட்டில். நடுவில் ஐந்து கல்படிகள், ஏறினால் கடையின் பின்கதவு. காரில் ஏற்றி முன்பக்கம் கொண்டுபோய் இறக்கினாலும் அங்கே மூன்று படி, நடைபாதையும் குறுகல். இருபத்து மூன்று வருடம் கல்லாவில் உட்கார்ந்து, பென்சில்வேனியாவின் இந்த ஆல்டர்ஸ்ஃபெரி ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லி அழைத்தவள். போன பிப்ரவரியில் பின்படியில் விழுந்த நாளிலிருந்து சமையலறை ஜன்னலில் நின்று கடையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட அனுமதி கேட்டேன். கட்டடம் 1753இல் கட்டியது, பழமைக் குழு சம்மதிக்க வேண்டும். குழுவின் தலைவன் வாரன் ஹாலிஸ். அவனுடைய வம்சத்து முதல் பாட்டன் பீட்டர் ஹாலிஸ்தான் ஊரை ஸ்தாபித்த தச்சன், என் கடையைக் கட்டியவனும் அவன்தான். ஐம்பது பேர் இருந்த கூட்டத்தில் அனுமதியை மறுத்து ஹாலிஸ் என்னைப் பார்த்துச் சொன்னது இது: "அந்தப் படிகள் இருநூற்று எழுபது வருடமாக நிற்கின்றன. எங்கள் ஆட்கள் யாரும் அதில் விழுந்ததில்லை."

எங்கள் ஆட்கள். சிலர் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் ராஜகனி. வாக்கரின் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்தது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கூட்டம் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த நோட்டில் இனி எழுதப்போவது ஒரே விஷயம்தான். பாட்டன் பெயரை வைத்துத்தானே இவன் ஆடுகிறான்? அந்தப் பாட்டனைத் தோண்டி எடுத்து நடுத்தெருவில் போடப் போகிறேன்.

2024 ஜனவரி 13

பனி பெய்யும் என்று வானொலியில் சொன்னான். மண்வெட்டி எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். மதியத்துக்குள் பாதி போய்விட்டது.

2024 ஜனவரி 20

வரலாற்றுச் சங்கத்தின் மியூசியத்துக்குப் போனேன். ஹாலிஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பீட்டர் ஹாலிஸ் 1741இல் வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தேர்ந்த தச்சனாம். பெரியப்பா ஜோசையா ஹாலிஸ் வரவழைத்தாராம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கட்டைக் குச்சி. அது பீட்டரின் கைத்தடியாம்.

"அதில் வெட்டுகள் தெரிகிறதா? இருபத்து நான்கு பெரிய வெட்டு. அவர் கொன்ற ஓநாய்களின் எண்ணிக்கை" என்றான்.

பிள்ளைகள் வாயைப் பிளந்தன. அவ்வளவு குட்டையான கைத்தடியை ஊன்றியவன் ஓநாயை எப்படி எட்டிப் பார்த்தான் என்று ஒரு பிள்ளையாவது கேட்கவில்லை.

என்னைக் கண்டதும், "தங்கா! நீங்கள் எங்கே இந்தப் பக்கம்?" என்றான்.

"நான் வியாபாரம் பண்ணுற கட்டடத்தோட கதை எனக்கும் தெரியணும்ல?"

"ரொம்ப நல்ல விஷயம்" என்று ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுத்தான். அவனே எழுதியது. காசு வாங்கவில்லை. என்ன திமிர்.

2024 பிப்ரவரி 3

புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். எந்தச் சரக்கிலும் ஓட்டை எங்கே என்று பார்த்துப் பழகிய கண். ஜோசையா ஹாலிஸ் வேல்ஸிலிருந்து வந்ததற்குக் கப்பல் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. பீட்டர் வந்ததற்கு ஒன்றும் இல்லை. 'குடும்ப வழக்குப்படி' என்று எழுதியிருக்கிறான். ஆதாரம் இல்லாதவன்தான் அப்படி எழுதுவான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து திருடர்களைக் கப்பலேற்றி இங்கே விற்பார்கள். பீட்டர் அப்படி வந்த திருடனாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

2024 பிப்ரவரி 10

கடையை மதியமே சாத்திவிட்டுக் கவுண்டி அலுவலகத்தின் ஆவண அறைக்குப் போனேன். டோரீன் என்று ஓர் அம்மாள் அங்கே இருக்கிறாள். கறுப்பின அம்மாள், அறுபது வயதிருக்கும். என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். ஒரு திருடனைத் தேடுகிறேன் என்றேன்.

"உங்கள் குடும்பத்திலா?"

"அடுத்தவன் குடும்பத்தில்."

சிரித்துவிட்டாள். "இங்கே வருபவர்களில் நீங்கள் ஒருவர்தான் உண்மையைச் சொல்லுகிறீர்கள்" என்று 1740களின் வரிப் புத்தகங்களை எடுத்துத் தந்தாள். ஹாலிஸ் என்ற பெயரில் ஜோசையா மட்டும். பீட்டர் எங்குமே இல்லை.

2024 பிப்ரவரி 17

அவள் விழுந்து இன்றோடு ஒரு வருடம். நான் பேச்செடுக்கவில்லை. ரசத்தைக் கரண்டியில் மொண்டுகொண்டே அவளாக எடுத்தாள்.

"அந்தக் கிழவரை விட்டிரக்கூடாதா? ஒரு வருசமா ராத்திரி பகல் அவரு பேருதான் ஓடுது வீட்டுல."

"அவன் போட்ட சட்டத்தாலதான் அந்தப் படி அங்கன நின்னுச்சு. உன் இடுப்பை ஒடிச்சவன் அவன்."

"அவரா ஒடிச்சாரு? அன்னைக்குக் காலையில நான் உங்ககிட்ட..."

கடையில் மணி அடித்தது. எழுந்து போய்விட்டேன். கதவுக் கீல் கேட்டு வந்த ஆள் ஒன்றும் வாங்காமலே போனான்.

2024 பிப்ரவரி 24

கிடைத்தான்.

வரியில் இல்லை, தேவாலயத்தில் இல்லை என்றதும் டோரீன் ஒரு யோசனை சொன்னாள். "பழைய செய்தித்தாள்களில் ஓடிப்போன அடிமைகள், வேலைக்காரர்கள் விளம்பரம் பாருங்கள். என் ஆட்களை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன்" என்றாள். 'என் ஆட்கள்' என்று அவள் சொன்னபோது எரிச்சல் வரவில்லை.

1744, செப்டம்பர் மாத இதழ். வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டு வந்தேன்:

'கீழே பெயரிட்ட ஜோசையா ஹாலிஸிடமிருந்து ஓடிப்போனவன்: கிழக்கிந்திய வேலைக்காரன், சோழமண்டலக் கரையில் பிறந்தவன், பீட்டர் என்றால் திரும்பிப் பார்ப்பான். வயது சுமார் இருபத்திரண்டு, ஒல்லி, காதில் துளை உண்டு. தொழில் தச்சு. போகும்போது மரம் செதுக்கும் ஒரு வாய்ச்சியும் வெட்டுகள் போட்ட ஒரு கோலும் கொண்டுபோனான். பிடித்துத் தருபவருக்கு நாற்பது ஷில்லிங்.'

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டோரீன் தண்ணீர் கொண்டுவந்து, "திருடன்தானா?" என்றாள்.

"அதைவிட மேல" என்றேன்.

வீட்டுக்கு வந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஊர் முழுக்கத் தலைநிமிர்ந்து திரியும் ஹாலிஸ் வம்சம் நம்ம ஊர் ஆசாரியின் வம்சம்! ராஜகனி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன்.

"காதுல துளை போட்டுருக்கு. அப்பம் அவங்க அம்மை இருந்து போட்டுவிட்டுருப்பா" என்றாள். பிறகு, "பீட்டருங்கது இவனுக வச்ச பேரு. இந்தப் பிள்ளைக்கு நெசமாவே என்ன பேரு?"

"அது யாருக்குத் தெரியும்? அதா இப்பம் முக்கியம்?"

"பிடிச்சிட்டானுவளா?"

பிடித்திருப்பார்கள். திரும்ப இந்த ஊரில்தானே கட்டடம் கட்டியிருக்கிறான். அதைச் சொன்னதும் அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

2024 மார்ச் 2

விளம்பரம் ஒன்றை வைத்து ஊரை நம்ப வைக்க முடியாது. 'வேறு பீட்டராக இருக்கும்' என்று சொல்லி நழுவிவிடுவான். அந்தக் கோல்தான் வேண்டும்.

திருநெல்வேலியில் மரக்கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே ஆசாரிமார் கையில் இருக்கும் முழக்கோலை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இருபத்து நான்கு அங்குலம், ஒவ்வோர் அங்குலத்துக்குள் எட்டுக் கோடு. ஆனால் அந்த அங்குலம் இஞ்சைவிடப் பெரிது. முழுக் கோலும் முப்பத்து மூன்று இஞ்ச் வரும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஓநாய்க் கதையைக் கேட்டு மனதுக்குள் சிரிப்பதிலேயே இருந்துவிட்டேன். அமெரிக்காவில் நம்ம ஊர்ச் சாமானைத் தேட எவனுக்குத் தோன்றும்?

மறுபடி போய்க் கண்ணாடிக்கு மேல் டேப்பை வைத்தேன். முப்பத்து மூன்று. மயிரிழை கூடவில்லை, குறையவில்லை.

2024 மார்ச் 3

ஞாயிறு. கடை விடுமுறை. கட்டடத்தைச் சுற்றி அளந்தேன்.

அகலம் இருபத்து நான்கு அடி ஒன்பது இஞ்ச். சரியாக ஒன்பது கோல். நீளம் நாற்பத்தாறு அடி ஒன்பது இஞ்ச். சரியாகப் பதினேழு கோல். வாசல் நிலை உயரம் இரண்டரைக் கோல். ஹாலிஸ் தன் புத்தகத்தில் இந்த அளவுகளை 'பட்டிக்காட்டுக் கைவேலையின் அழகான ஒழுங்கின்மை' என்று எழுதியிருக்கிறான். வாசல் நடுவில் இல்லாமல் தள்ளி இருப்பதை 'பிழை' என்கிறான். நம் ஊரில் எந்த ஆசாரி நட்ட நடுவில் வாசல் வைப்பான்?

பின்படி ஐந்து. லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம், லாபம். முன்படி மூன்று, அதுவும் லாபத்தில்தான் முடிகிறது.

இது எனக்கு முன்பே தெரியும். 1999இல் இந்தக் கடையை விலை பேசியபோது படியை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம் தற்செயலாக நம்ம கணக்கில் விழுந்திருக்கிறது, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பழமைச் சட்டம் வருவதற்கு முன்னால், 2011இல், படியை எடுத்துவிட்டுச் சாய்தளமாகப் போடலாம் என்று ராஜகனி சொன்னாள். அப்போது எவன் அனுமதியும் தேவையில்லை. லாபத்தில் முடிகிற படியை எவனாவது இடிப்பானா என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

இதை எழுதியிருக்க வேண்டாம். எழுதியாயிற்று, கிடக்கட்டும்.

அளந்து முடித்து மூன்றாவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கல் குளிர்ந்து கிடந்தது. இருபத்திரண்டு வயதில் நான் மரக்கடையில் கூலிக்குச் சட்டம் சுமந்துகொண்டிருந்தேன். என்னைப் பிடித்துக் கொடுக்க யாரும் நாற்பது ஷில்லிங் தருவதாகச் சொல்லவில்லை.

2024 ஏப்ரல் 6

சங்கிலி முழுசாக வந்துவிட்டது. 1749இல் ஜோசையா ஹாலிஸ் 'என் இந்திய வேலைக்காரன் பீட்டரை' விடுவித்த பத்திரம். 1750இல் 'பீட்டர், ஹாலிஸிடம் இருந்தவன்' என்று ஒரு வேல்ஸ் விதவையோடு கலியாணம். அதன் பிறகு எல்லாப் பதிவிலும் பீட்டர் ஹாலிஸ். அவனுக்கு நான்கு பிள்ளைகள், மூத்தவன் வழியில் ஏழாம் தலைமுறை நம்ம வாரன். ஜோசையாவுக்குப் பிள்ளையே கிடையாது.

டோரீன் எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்த நகல் போட்டுத் தந்தாள். "இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றாள்.

"மே மாதம் ஊர் நாள் விழாவில் வாசிப்பேன்."

"அந்த மனிதனுக்காகவா?"

"எந்த மனிதனுக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

2024 ஏப்ரல் 27

ஊர் நாள் விழாவுக்குப் பந்தலும் நாற்காலியும் என் செலவு என்று சொன்னேன். பதிலுக்கு மேடையில் ஐந்து நிமிடம். ஹாலிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆட்டுக்குத் தழை காட்டுவதுபோல் இருந்தது.

ராஜகனி: "ஒண்ணு யோசிச்சியளா? அந்தக் கட்டடம் நம்ம ஊரு ஆளு கட்டினதுன்னு நீங்களே ரூபிச்சா, அப்புறம் அதுல ஒரு ஆணியப் புடுங்க விடுவானுவளா? எனக்குச் சாய்தளம் வேணுமா, உங்களுக்கு அவரு மூஞ்சி சுருங்கணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றேன்.

"வியாபாரிதான்" என்றாள்.

2024 மே 18

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

பந்தலில் முந்நூறு பேர். ராஜகனி முதல் வரிசையில். என் முறை வந்ததும் ஹாலிஸை மேடைக்கு அழைத்தேன். என் கடை டேப்பை அவன் கையில் கொடுத்து, பாட்டனின் கைத்தடியை அளக்கச் சொன்னேன். முப்பத்து மூன்று என்றான். இன்னொருவரை விட்டு என் கடை அகலத்தை முப்பத்து மூன்றால் வகுக்கச் சொன்னேன். ஒன்பது. நீளம், பதினேழு. மீதம் இல்லை. முழக்கோல் என்றால் என்ன, நம் ஊரில் படி ஏன் ஒற்றைப்படையில் முடியும் என்று சொன்னேன். விளம்பரத்தை வாசித்தேன். விடுதலைப் பத்திரம், கலியாணப் பதிவு, அவன் பெயர் வரை ஏழு தலைமுறை. கடைசியாக, ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்பினேன்.

"உங்க ஆட்கள் யாரும் அந்தப் படியில் விழுந்ததில்லைன்னு சொன்னீங்க. அந்தப் படியை வைத்தது எங்க ஆள். அதில் விழுந்தது என் மனைவி. இனிமே யார் உங்க ஆள்? எனக்குச் சாய்தளம் இரண்டாம்பட்சம். வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேளுங்க."

ஹாலிஸின் முகம் சுருங்கக் காத்திருந்தேன்.

அவன் அந்தக் கோலைத் தடவித் தடவிப் பார்த்தான். "அப்படியானால் ஓநாய்கள்?" என்றான்.

"ஓநாயும் இல்ல, நரியும் இல்ல."

"அறுபது வருடம்," என்றான். "அறுபது வருடம் பிள்ளைகளிடம் ஓநாய் என்று சொல்லியிருக்கிறேன்." அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். மேடையிலேயே என்னைக் கட்டிப் பிடித்து, "அப்படியானால் நாம் உறவு!" என்றான். சனம் எழுந்து நின்று கை தட்டியது.

அவமானப்படுவான் என்று பார்த்தால் ஆனந்தப்படுகிறான். அவன் பாட்டனைப் பிடுங்கப் போனேன், என்னையும் சேர்த்துச் சொந்தம் என்று எழுதிக்கொண்டான். மூன்று பத்திரிகைக்காரர்கள் அவனோடு படம் எடுத்தார்கள். என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

2024 மே 19

வாடகை நாற்காலிகளை எண்ணித் திருப்பி அனுப்பினேன்.

2024 ஜூன் 11

குழுவிடமிருந்து கடிதம். 'ஈடு இணையற்ற வரலாற்று மதிப்பு வெளிப்பட்டிருப்பதால்' கட்டடத்தின் ஒரு கல்லையும் இனி எக்காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது. பின்படிகளுக்குத் தனிப் பத்தி. அவற்றின் எண்ணிக்கைகூட 'இந்தியச் சிற்ப மரபின் சான்று'. நான் மேடையில் சொன்னதை என் மேலேயே திருப்பியிருக்கிறார்கள்.

ராஜகனி படித்துவிட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லாபமா, நட்டமா? எண்ணிச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் இப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

2024 ஜூலை 14

ஹாலிஸ் வந்தான். கோட்டுப் போட்டு, இந்த வெயிலில் கழுத்துப் பட்டை கட்டி, கையில் ஓர் உறை. ராஜகனி முறுக்கும் டீயும் வைத்தாள். அவன் உட்காரவில்லை.

உறையை அவளிடம் நீட்டினான். படியில் கை வைக்காமல் அதன் மேலேயே மரத்தால் ஒரு சாய்தளம் நிறுத்த அனுமதி. எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்பதால் பழமைக்குப் பங்கம் இல்லையாம். ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் ஜெயித்திருக்கிறது. மேடையில் என்னை உறவு என்றவன் தலைமையில் உட்கார்ந்து இதை நடத்தக் கூடாது என்று யாரோ ஆட்சேபித்தார்களாம். தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சாதாரண உறுப்பினனாக வாக்களித்திருக்கிறான்.

பிறகு அவள் முன்னால் தலையைக் குனிந்தான். "அம்மா, என்னால்தான் உங்கள் எலும்பு முறிந்தது. அந்தப் படியை எடுக்கவிடாமல் வைத்தது என் சட்டம், நீங்கள் விழுந்த பிறகும் என் பிடிவாதம். அதற்கு மேல் அந்த வார்த்தை வேறு சொன்னேன். நான் உயிரோடு இருக்கும் வரை இந்தப் பாரம் எனக்கு இருக்கும்" என்றான்.

எல்லாம் கிடைத்துவிட்டது. ஆதாரம், சாய்தளம், மன்னிப்பு. கண்ணெதிரே எழுபத்தாறு வயதுக்காரன் தலைகுனிந்து நிற்கிறான். இந்தக் காட்சியை ஒரு வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்தவன் நான்.

ராஜகனி என்னைப் பார்த்தாள். "இந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்று தமிழில் சொன்னாள். பிறகு அவனிடம் ஆங்கிலத்தில், நிதானமாக, கல்லாவில் இருந்து பேசுவதுபோல் பேசினாள்.

"மிஸ்டர் ஹாலிஸ், அந்த வார்த்தைக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டது சரி. எலும்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்குப் படியில் பனி உறைந்திருந்தது. எங்கள் கடையில் எண்பது மூட்டை உப்பு இருந்தது. படியில் போட ஒரு மூட்டை விட்டு வையுங்கள் என்று காலையிலேயே சொன்னேன். வெயில் வந்தால் உருகிவிடும் என்று சொல்லிவிட்டு இவர் எண்பதையும் விற்றார். கடைசி மூட்டைக்கு இரட்டை விலை. பத்து மணிக்கு நான் இவருக்கு டீ கொண்டுபோனேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டிய காலண்டரில் தேதி கிழிக்காமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலிஸ் என் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்தேன், எதற்கும் தயாராக. நீயா என்னை மேடையேற்றினாய் என்று கேட்டிருக்கலாம். முந்நூறு பேர் முன்னால் உன் மன்னிப்பு எங்கே என்று கேட்டிருக்கலாம். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். போய்விட்டார்.

2024 ஜூலை 27

சாய்தளம் முடிந்தது. பலகை, ஆணி எல்லாம் கடைச் சரக்கே. சரிவு போதுமா என்று நான்கு தடவை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு ராஜகனி வாக்கரோடு ஏறினாள். நான் பின்னால் நடந்தேன். பிடிக்க வேண்டாம் என்றாள். கல்லாவில் உட்கார்ந்து, "எத்தனை தூசி!" என்றாள்.

பதினொரு மணிக்கு ஹாலிஸ் வந்தார். வேலிக்கு அடிக்க ஒரு டப்பா பெயிண்ட். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள், எல்லாரும் அன்று பந்தலில் கை தட்டியவர்கள். அவர் வாயைத் திறந்தபோது இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ராஜகனியிடம், வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எனக்குக் காலை வணக்கம் சொன்னார். பெயிண்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு வாரமாக ஊரில் ஒரு காதுக்கும் அவர் இந்த உப்பு விஷயத்தைப் போடவில்லை. விசாரித்துவிட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் மறுநாளே ஊர் நடுவில் நின்று சொல்லியிருப்பேன். கையில் கிடைத்த கல்லை எறியாமல் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

அவர் அன்று கூட்டத்தில் சொன்னதை மன்னித்துவிட்டேன். இதை மட்டும் மன்னிக்கவே போவதில்லை.